ஆறு ரத்த மாதிரிகள், முப்பத்தொரு ஆண்டுகள்

புது தில்லி: எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டு மசோதா 2017 ஏப்ரல் 11-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதற்கு மூன்று வாரங்கள் முன்னதாக, மார்ச் 21-ஆம் தேதியே ஒப்புதல் அளித்திருந்தது. ஏப்ரல் 20-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் இசைவு கிடைத்தது. மோதலின்றி நிறைவேறும் மசோதாக்கள் தலைப்புச் செய்தியாவது அரிது. இதுவும் அப்படியே கடந்து போயிற்று.

ஆனால் இந்தச் சட்டத்தின் வேர் தில்லியில் இல்லை. அது சென்னையில், 1986-ஆம் ஆண்டில், மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். அவரது வழிகாட்டுதலில் அந்த ஆய்வைச் செய்தவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. கிருமியைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சில மாதங்களே தேவைப்பட்டன. அக்கிருமியைச் சுமப்பவரின் உரிமையைச் சட்டமாக எழுதி நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு 31 ஆண்டுகள் ஆயின.

சுனிதி அந்தச் சட்டத்தைப் பார்க்கவில்லை. 2015 ஜூலை 28-ஆம் தேதி சென்னையில் தமது 76-ஆவது வயதில் காலமானார். கணையப் புற்றுநோய் அவரது உயிரைப் பறித்தது. மறைவுக்குப் பின், 2017-ஆம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டி அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதும் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே.

புற்றுநோய் ஆய்வில் பிறந்த அறிவு: எச்.ஐ.வி. ஒரு "ரெட்ரோ வைரஸ்". பொதுவாக உயிரணுவில் மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குச் செல்லும். இவ்வகைக் கிருமிகள் அதைத் தலைகீழாக்குகின்றன. தங்கள் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, மனித உயிரணுவின் மரபுத் தொகுப்புக்குள்ளேயே செருகி விடுகின்றன. ஒருமுறை உள்ளே புகுந்த கிருமியை முற்றாக வெளியேற்ற இயலாமல் மருத்துவம் இன்றளவும் திணறுவதற்கு இதுவே காரணம்.

இந்த வகைக் கிருமிகளை உலகம் முதலில் அறிந்தது எய்ட்ஸ் வழியாக அல்ல, புற்றுநோய் வழியாக. 1911-இல் நியூயார்க்கில் பெய்ட்டன் ரூஸ் என்ற ஆய்வாளர், கோழிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுக்கட்டியை உயிரணு ஏதுமற்ற வடிநீரின் மூலம் வேறு கோழிகளுக்குப் பரப்ப முடியும் என்று காட்டினார். அதை ஏற்க அறிவுலகம் தயங்கியது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

தலைகீழ்ப் படியெடுப்பைச் செய்யும் நொதியை 1970-இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1980-இல் ராபர்ட் காலோவின் குழு, மனிதரில் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் முதல் ரெட்ரோ வைரஸை அறிவித்தது. மறு ஆண்டே, 1981 ஜூனில், நோய் எதிர்ப்பாற்றல் காரணமின்றிச் சிதைந்துபோன இளைஞர்களைப் பற்றிய முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளியானது. 1983-இல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் பிரான்சுவா பாரே-சினூசியும் லூக் மோந்தாஞியேயும் அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தனர். புற்றுநோய் ஆய்வகங்கள் பத்தாண்டுகளாகச் செய்துவைத்திருந்த கருவிகள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த வேகம் சாத்தியமாகியிருக்காது.

அச்செய்திகளை சென்னையில் இருந்தபடி கூர்ந்து படித்துவந்தவர்களுள் ஒருவர் சுனிதி.

"வெளி மாநிலப் பெண்": சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். பிறந்த வீட்டின் குடும்பப் பெயர் கைதொண்டே. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோய்க்குறியியல் பயிற்சி பெற்றார். கணவர் சாலமன் விக்டர் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர். 1973-இல் இருவரும் தாயகம் திரும்பினர். பின்னர் நுண்ணுயிரியலில் உயர்பட்டம் பெற்ற சுனிதி, தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியரானார்.

1985-இன் இறுதியில் முதுநிலை மாணவி நிர்மலா ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 32. தமிழகத்தில் எய்ட்ஸ் கிருமி உள்ளதா எனப் பரிசோதிக்கலாம் என்றார் பேராசிரியர். நாட்டில் அதுவரை ஒருவருக்கும் தொற்று கண்டறியப்படவில்லை. மேலை நாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவு, நம் நாட்டுக்கு வராது என்பதே பரவலான எண்ணம். அரசு வட்டாரத்திலும் இந்த எண்ணத்துக்குப் பஞ்சமில்லை. நிர்மலாவே முதலில் தயங்கினார். கணவர் வீரப்பன் ராமமூர்த்தி ஊக்கமளித்த பிறகே இசைந்தார்.

இருநூறு ரத்த மாதிரிகள் சேகரிப்பது இலக்கு. மும்பையைப் போல சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனித்த பகுதி இல்லை. பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேசிப் பழகிய நிர்மலா, அவர்களில் பலர் மயிலாப்பூரில் உள்ள அரசுக் காப்பகத்துக்கு அனுப்பப்படுவதை அறிந்தார். விபசாரத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதாகும் பெண்களை அடைத்துவைக்கும் இடம் அது.

நாள்தோறும் பணிக்குச் செல்லும் முன் கணவரின் ஸ்கூட்டரில் அந்தக் காப்பகத்துக்குப் போனார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை கிடையாது, பாதுகாப்பு உபகரணம் எதுவும் கிடையாது. பிரித்தெடுத்த ஊனீரைப் பாதுகாக்க வேறு வசதியின்றி, தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தார்.

எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தனர். இதைப் பின்னாளில் நிர்மலாவே பேட்டிகளில் ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, ஒருவரின் விவரமறிந்த சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது என்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை மெய்ப்பித்த பரிசோதனையே அதில் தேறாது. இரு மருத்துவர்களையும் குறை கூறுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அவர்கள் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் நாடு இன்னும் பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கும். ஆயினும் தொடக்கம் முதலே விலை கொடுத்தவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

வேலூரில் ஒரு நண்பகல்: "எலைசா" எனப்படும் பரிசோதனைக்கான வசதி அப்போது சென்னையில் இல்லை. சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஏற்பாடு செய்யப்பட்டது. 1986 பிப்ரவரியில் ஒருநாள் இரவு, ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு நிர்மலாவும் கணவரும் காட்பாடிக்கு ரயில் ஏறினர்.

கிருமியியல் துறைத் தலைவர் ஜேக்கப் டி. ஜான், தம் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் ஆகியோரை உதவிக்குத் தந்தார். காலையில் தொடங்கிய சோதனை, நண்பகலில் மின்தடையால் நின்றது. தேநீர் அருந்திவிட்டுத் திரும்பிய ஜார்ஜ் பாபு, சோதனைத் தட்டின் மூடியைத் திறந்து பார்த்து உடனே மூடிவிட்டார். ஆனால் உடன் வந்த நிர்மலா அதற்குள் பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன.

செய்தியை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. வேலூர்க் குழுவினர் சென்னை வந்து அந்த ஆறு பெண்களிடம் மீண்டும் ரத்தம் எடுத்தனர். சிமோஸ் அவற்றை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். "வெஸ்டர்ன் பிளாட்" என்னும் உறுதிப்படுத்தும் சோதனையும் அதே முடிவைத் தந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழியாகத் தகவல் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் சென்றது.

1986 மே மாதம், எம்.ஜி.ஆர். அரசின் அமைச்சராக இருந்த ஹண்டே சட்டப் பேரவையில் இதை அறிவித்தபோது, பார்வையாளர் மாடத்தில் சுனிதியும் நிர்மலாவும் அமர்ந்திருந்தனர். ஹண்டே ஒரு மருத்துவர். அறிவித்தவர் மருத்துவராக இருந்தும்கூட நம்ப மறுத்தவர்கள் ஏராளம். சோதனையே தவறு என்றனர் சிலர். வடக்கிலிருந்து வந்த ஒரு பெண் நம்மை அசுத்தமானவர்கள் என்று சொல்வதா என்று கொதித்தனர் வேறு சிலர். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, சென்னையிலேயே படித்த ஒருவர், கண்டுபிடிப்பு கசந்ததால் ஒரே நாளில் அயலாரானார்.

தமிழகத்தில் எய்ட்ஸ் கண்காணிப்பு பற்றிய ஆய்வேட்டை 1987-இல் நிர்மலா சமர்ப்பித்துத் தேர்ச்சி பெற்றார். பின்னர் கிண்டி கிங் ஆய்வகத்தில் தடுப்பூசி தயாரிப்புப் பணியில் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றார். அவரது பெயர் பொதுமக்களுக்கு ஓரளவேனும் தெரியவந்தது அதற்கும் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

அச்சம் எழுதிய மசோதா: கண்டுபிடிப்புக்கு நாடாளுமன்றம் தந்த முதல் எதிர்வினை என்ன? 1989-இல் மாநிலங்களவையில் எய்ட்ஸ் தடுப்பு மசோதா அறிமுகமானது. தொற்று உள்ளோரைப் பற்றி மருத்துவர்கள் அரசுக்குத் தகவல் தரவேண்டும், ஐயத்துக்குரியோரைக் கட்டாயமாகப் பரிசோதிக்கலாம், தொற்று உள்ளோரைத் தனிமைப்படுத்தலாம் என்பவையே அதன் சாரம். சிகிச்சைக்கான உரிமை அதன் கருப்பொருளாக இல்லை. நோயாளியைக் குற்றவாளியைப் போல நடத்திய மசோதா அது என்பதில் இன்று இரண்டு கருத்து இருக்க முடியாது.

அதே ஆண்டில் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் அறுபத்து நான்கு நாள்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். ரத்த தானம் செய்தபோது அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்ததே காரணம். மாநிலப் பொது சுகாதாரச் சட்டம் அதற்கு அதிகாரம் அளித்திருந்தது. அவருடைய தாயார் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வில் தொடுத்த வழக்கில், தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றே தீர்ப்பானது.

தமிழகத்திலும் நிலைமை மாறுபடவில்லை. தொற்று உள்ள பாலியல் தொழிலாளர்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகங்களில் வைக்கப்பட்டிருந்தனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அதன் விளைவாக 1990-இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். கிருமியைக் கண்டுபிடிக்க ரத்தம் கொடுத்தவர்களுக்கு அந்த ரத்தமே சிறைக்கதவாயிற்று.

எதிர்ப்பு வலுத்ததால் 1989 மசோதா பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் எய்ட்ஸ் என்ற பெயர் தாங்கிய மசோதா மீண்டும் மாநிலங்களவைக்கு வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு: அரசுப் பணியில் இருந்து வெளியே வந்த சுனிதி 1993-இல் ஒய்.ஆர். கைதொண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி மற்றும் கல்வி மையத்தைத் தொடங்கினார். தந்தையின் பெயர் தாங்கிய அந்த மையம் பின்னர் தரமணியில் உள்ள தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது. எச்.ஐ.வி. நோயாளி என்றால் படுக்கை தர மறுத்த காலத்தில், பரிசோதனையும் ஆலோசனையும் சிகிச்சையும் ஓரிடத்தில் கிடைத்தன.

அங்கு வந்தவர்களில் கணவரிடமிருந்து தொற்றுக்கு ஆளான குடும்பப் பெண்கள் பெருகிவந்தனர். இது சென்னைக்கு மட்டும் உரிய அனுபவமன்று. மகாராஷ்டிரத்தில் புணே நகரின் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களை ஆராய்ந்த ராமன் கங்காகேட்கர் குழுவினர், 1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பாலியல் தொழிலில் இல்லாத பெண்களிலும் 13.6 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு உறவு அறியாதவர்கள். "ஒழுக்கம்" பற்றி அவைகளில் முழங்கியவர்களுக்கு இந்த ஒரு எண்ணே போதிய விடை.

திருமணம் என்பது இந்நோய் குறித்த வழக்குகளில் நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. தொற்று உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் கூறியது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று விலக்கியது. நீதிமன்றம் இப்படி இருமனமாக இருந்த பருவத்தில், தொற்று உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் வரன் பார்த்துத் திருமணம் முடித்துவைக்கும் பணியையும் சுனிதி செய்துகொண்டிருந்தார். சாதியும் ஜாதகமும் கேட்டுக்கொண்டு வந்த குடும்பங்களும் உண்டு. நோய் வந்தாலும் நம் வழக்கங்கள் போவதில்லை போலும்.

சென்னையும் புணேயும்: கிருமி ஆராய்ச்சியில் இவ்விரு நகரங்களும் பல இடங்களில் கை கோத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1992 அக்டோபரில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைப் புணேயின் போசரி தொழிற்பேட்டையில் நிறுவியது. நாட்டின் முதல் எய்ட்ஸ் தடுப்பூசிச் சோதனை 2005 பிப்ரவரியில் அங்குதான் தொடங்கியது. இரண்டாவது சோதனை 2006-இல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. இரண்டுமே பயன்பாட்டுக்குரிய தடுப்பூசியில் முடியவில்லை. ரெட்ரோ வைரஸ் ஓயாமல் உருமாறுகிறது. உடல் ஒரு வடிவத்தை அடையாளம் காண்பதற்குள் அது வேறு வடிவம் எடுத்துவிடுகிறது.

வெற்றி வேறு திசையிலிருந்து வந்தது. ஒருவருக்குத் தொற்று உள்ளது, துணைவருக்கு இல்லை என்ற நிலையில் இருந்த 1,763 இணையரை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்தது ஒரு பன்னாட்டு ஆய்வு. இந்தியாவில் அதற்கான மையங்கள் இரண்டு: சென்னையில் சுனிதியின் மையம், புணேயில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். தொற்று உள்ளவருக்கு நோய் முற்றும்வரை காத்திராமல் முன்கூட்டியே கூட்டு மருந்து கொடுத்தால், துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் முடிவு வெளியானது. மருந்தே தடுப்பும் ஆகும் என்பது நிறுவப்பட்டது. "சயன்ஸ்" இதழ் அந்த ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக இதைத் தேர்ந்தெடுத்தது.

நோயாளியைப் பூட்டிவைத்தால் நோய் பரவாது என்றது 1989 மசோதா. நோயாளிக்கு மருந்து கொடுத்தால் நோய் பரவாது என்றது 2011 ஆய்வு. அரசியலில் இவ்வளவு தெளிவான தீர்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

மருந்து கிடைப்பதற்கும் ஓர் அரசியல் இருந்தது. 2001-இல் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்து தர முன்வந்தார். அதுவரை மேலை நாட்டு நிறுவனங்களின் விலை அதைப்போல் பல மடங்கு. 2004 ஏப்ரல் 1 முதல் தொற்று மிகுந்த ஆறு மாநிலங்களிலும் தில்லியிலும் இலவச சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. 2005 மார்ச்சில் காப்புரிமைச் சட்டத் திருத்தம் வந்தபோது, அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசை வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகள் வலியுறுத்திச் சில பாதுகாப்புகளைச் சேர்க்கச் செய்தனர். பழைய மருந்துக்குச் சிறு மாற்றத்துடன் புதிய காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் பிரிவு அதில் முக்கியமானது.

2007-இல் மற்றொரு திருப்பம். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, நாட்டில் தொற்று உள்ளோர் எண்ணிக்கை 52 லட்சம் அன்று, சுமார் 25 லட்சமே என்று புதிய மதிப்பீடு வெளியிடப்பட்டது. வீடு வீடாக எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வே இத்திருத்தத்துக்கு அடிப்படை. எண்ணிக்கை பாதியானதால் அக்கறையும் பாதியாகிவிடுமோ என்ற கவலை தொண்டு நிறுவனங்களிடம் எழுந்தது இயல்பே. 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டிலும் எண்ணிக்கை 25 லட்சத்துக்குச் சற்று அதிகமாகவே உள்ளது. மருந்தால் மக்கள் நீண்டகாலம் வாழ்வதே இதற்குப் பெருங்காரணம்.

"இயன்றவரை" என்னும் சொல்: 2002-இல் தொடங்கி வழக்குரைஞர் கூட்டமைப்பு ஒன்று வரைந்துகொடுத்த மசோதா, அமைச்சகங்களின் மேசைகளில் பல ஆண்டுகள் சுற்றியது. 2014 பிப்ரவரியில், 15-ஆவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரின்போது, குலாம் நபி ஆசாத் அதை மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார். மாநிலங்களவையில் அறிமுகமானதால் மக்களவை கலைந்தபோதும் அது காலாவதியாகவில்லை. நிலைக்குழு 2015 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. ஜே.பி. நட்டா அமைச்சராக இருந்தபோது நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு, காப்பீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ ஒருவரது நிலையை வெளியிடவோ கூடாது. தொற்று உள்ளோருக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புகார்களை விசாரிக்க மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் நியமிக்கப்பட வேண்டும்.

இவ்வளவையும் தந்த சட்டம், சிகிச்சை என்று வரும்போது தயங்குகிறது. பரிசோதனை வசதிகளையும் கூட்டு மருந்தையும் அரசுகள் "இயன்றவரை" வழங்கும் என்கிறது 14-ஆவது பிரிவு. அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று தொற்று உள்ளோர் அமைப்புகள் வற்புறுத்தின. அது நீக்கப்படவில்லை. தொற்று உள்ள எவருக்கும் உடனடியாக மருந்து தரும் கொள்கையைச் சட்டத்துக்கு இசைவு கிடைத்த அதே மாதத்தில் அரசு அறிவித்தது உண்மை. ஆனால் கொள்கை அரசின் கையில் இருப்பது. உரிமை குடிமகனின் கையில் இருப்பது. நிதிநிலை அறிக்கை இறுகும் ஆண்டில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நோயாளிக்குத்தான் தெரியும்.

ஹடப்சரில் ஒரு தடுப்பூசி: மருந்து ஆயுளை நீட்டித்ததால் வேறொரு கேள்வி முன்னுக்கு வந்துள்ளது. எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில், மற்றக் கிருமிகளால் வரும் புற்றுநோய்கள் எளிதில் வேர்விடும். கபோசி சர்கோமா, சிலவகை நிணநீர்ப் புற்று, கருப்பை வாய்ப் புற்று ஆகிய மூன்றும் எய்ட்ஸ் நோயின் அடையாளங்களாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளன. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புற்றுநோய் ஆய்விலிருந்து எய்ட்ஸுக்கு வந்த அறிவு, எய்ட்ஸிலிருந்து மீண்டும் புற்றுநோய்க்கே திரும்பியிருக்கிறது.

இதற்கான கருவிகளில் ஒன்று புணே நகரின் கிழக்கு விளிம்பில், சோலாப்பூர் சாலையில் உள்ள ஹடப்சரில் தயாராகிறது. ஒரு காலத்தில் கரும்பும் காய்கறியும் விளைந்த அந்த வட்டாரத்தை இன்று மகர்பட்டா கணினி நகரத்துக்காக அறிவோர் பலர். கோவிஷீல்டுக்குப் பிறகு, சீரம் நிறுவனத்தின் ஊராக அறிவோர் அதனினும் பலர். பந்தயக் குதிரை வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் பூனாவாலா 1966-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஓய்வுபெற்ற குதிரைகளை ஊனீர் எடுப்பதற்காக மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்த குடும்பம், நாமே ஏன் தயாரிக்கக் கூடாது என்று எண்ணியதில் பிறந்தது.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா கிருமிக்கு எதிரான "செர்வாவேக்" தடுப்பூசியை, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஒத்துழைப்புடன் அந்நிறுவனம் உருவாக்கியது. 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி தில்லியில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங்கும் அதார் பூனாவாலாவும் இதை அறிவித்தனர். கிருமியின் நான்கு வகைகளை இது தடுக்கும். ஒரு தவணை 200 முதல் 400 ரூபாய்க்குள் இருக்கும் என்று அன்று பூனாவாலா தெரிவித்தார். 2023 தொடக்கத்தில் தனியார் சந்தைக்கு வந்தபோது இரு தவணை கொண்ட குப்பியின் விலை 2,000 ரூபாய்.

எச்.ஐ.வி.க்கு எதிராகவும் ஹடப்சரில் ஒரு முயற்சி உண்டு. கிருமியின் பல வடிவங்களை ஒருசேர முடக்கும் எதிர்ப்புரதங்களை, ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தயாரிக்கப் பன்னாட்டு எய்ட்ஸ் தடுப்பூசி முயற்சி அமைப்புடன் சீரம் நிறுவனம் 2018-இல் உடன்பாடு செய்துகொண்டது. 2005-இல் போசரியில் தடுப்பூசிச் சோதனையை நடத்தியதும் இதே பன்னாட்டு அமைப்பின் பங்களிப்போடுதான். தனியார் ஆலை என்பதால் விலையை யார் தீர்மானிப்பார்கள் என்ற கேள்வி இங்கும் எழும். சிப்லா மருந்தின் கதை தெரிந்தவர்களுக்கு அது புதிய கேள்வி அன்று.

2024 பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்கால நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 9 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசி செலுத்துவதை அரசு ஊக்குவிக்கும் என்று மக்களவையில் அறிவித்தார். எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு, எச்.ஐ.வி. உள்ளோர் உள்பட, குறைந்தது இரண்டு தவணையும், இயன்றால் மூன்றும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூட்டு மருந்து மையங்களுக்கு மாதந்தோறும் வந்துபோகும் வயது வந்த பெண்களைப் பற்றி அந்த உரையில் ஒரு வரியும் இல்லை.